சிறுவர் இல்லம் தொடங்குமுன் நான் அறிந்திருக்க வேண்டியவை

கடந்த வைகாசியில் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடிக் கல்லடிக்கு வந்தார். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கப் போவதாகவும், சுவிஸிலுள்ள அவருடைய மாமன் காணி வாங்கப் பணம் அனுப்பச் சம்மதித்திருப்பதாகவும், முதலில் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் கூறினார். அவர் முகத்திலிருந்த அவசரம் எனக்கு நன்கு பழக்கமானது; 2011 ஆம் ஆண்டில் அதே அவசரத்தோடுதான் நானும் அலைந்தேன். அன்று இருட்டும்வரை அவரோடு பேசினேன். அவர் போன பிறகு, இவற்றையெல்லாம் எழுதி வைத்தால் இன்னும் சிலருக்குப் பணமும் காலமும் மிஞ்சும், சில பிள்ளைகளுக்குத் தங்கள் வீடே மிஞ்சும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது எனக்கு 28 வயது. நாவலடியிலும் டச்பாரிலும் எனக்குத் தெரிந்த எத்தனையோ குடும்பங்கள் ஒரே காலையில் இல்லாமற் போயின. அடுத்த மாதமே ஒரு நிவாரண நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். முகாம் முகாமாகச் சென்று, தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளின் விவரங்களைப் பதிவதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. நாங்கள் கொப்பியும் பேனாவுமாகப் போய்ச் சேருமுன்பே அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோரை ஓர் அம்மம்மாவோ பெரியம்மாவோ சின்னம்மாவோ தன் பாயில் படுக்க வைத்திருந்தார். சொந்தப் பிள்ளைகள் நால்வரோடு இறந்துபோன தங்கையின் பிள்ளைகள் இருவரையும் ஒரே கூடாரத்துக்குள் வைத்துச் சோறு கொடுத்த பெண்களைக் கண்டேன். அரசாங்கமும் சுனாமியால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை நிறுத்தி வைத்தது. அவர்களின் பாதுகாவலுக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்குமென 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தில் சிறப்பு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. இவ்வளவையும் அருகிலிருந்து பார்த்தும் நான் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பிற்பாடு எனக்கு நேர்ந்தவை எல்லாவற்றுக்கும் அதுவே வேர்.

வாகரையிலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்த 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும், போர் முடிந்த 2009 ஆம் ஆண்டிலும் அதே வேலையில்தான் இருந்தேன். 2010 இறுதியில் நிறுவனம் தன் மட்டக்களப்பு அலுவலகத்தை மூடியது. பணிக்கொடையாக 6 இலட்சம் ரூபா கையில் கிடைத்தது. நிறுவனங்கள் வரும், போகும். ஊரவன் ஒருவன் தொடங்கினால் நிலைத்து நிற்கும் என்று நினைத்தேன். என் மனைவி ஆசிரியை, அவர் மறுக்கவில்லை. மறுத்தவர் என் மாமியார் ஒருவர்தான். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் குடி, அதாவது குலம், தாய்வழியாக வருகிறது. வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகின்றன. திருமணமான ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய் வாழ்கிறான். அதனால் ஒரு பிள்ளையின் அம்மம்மாவும், தாயோடு உடன்பிறந்த பெண்களும் பெரும்பாலும் ஒரே வளவிலோ அடுத்த ஒழுங்கையிலோதான் இருப்பார்கள். மாமி அதைத்தான் சொன்னார்: "தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன் எண்டு சொல்றது சரிதான் மருமகன். ஆனா பெரியம்மா வளவுக்குள்ளதானே இருக்கா? அவவிட்டக் கேட்டீங்களா?" வயதானவரின் தயக்கம் என்று அதை எடுத்துக்கொண்டேன். மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுக் காணி பார்க்கப் புறப்பட்டேன்.

காணிதான் முதல் அடி. வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுப் பக்கத்தில் ஒரு பெரியவர், நல்ல காரியத்துக்கு என்பதால் குறைந்த விலைக்குத் தருவதாக ஓர் ஏக்கர் காணியைக் காட்டினார். ஆவணி மாதத்தில் போய்ப் பார்த்தேன்; மேட்டு நிலமாகத் தெரிந்தது. ஒரு தாளில் இருவரும் கையெழுத்திட்டு நாலரை இலட்சம் ரூபா கொடுத்தேன். வேலி அடைத்துக் கிணறு வெட்டி அத்திவாரம் போட்டதில் மேலும் 3 இலட்சம் போனது. பணிக்கொடை போதாமல் மனைவியின் நகைகளை அடைவு வைத்தேன். பிறகுதான் பிரதேச செயலகத்தில் அது அரசாங்கம் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணி என்று தெரியவந்தது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை உரிய அனுமதி இல்லாமல் வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது. அதற்குப் பின்னுரித்தாளியாக, அதாவது அவருக்குப் பின் காணியைப் பெறுபவராக, பெயர் குறிக்கப்பட்டிருந்தவர் அந்தப் பெரியவரின் மகள். அவர் சம்மதிக்க மறுத்தார். மறுக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. தன் பிள்ளைகளுக்கு உள்ள ஒரே நிலத்தை அவர் ஏன் விட வேண்டும்? பெரியவரோ அந்தப் பணத்தை ஏற்கெனவே தம் மனைவியின் வைத்தியத்துக்குச் செலவழித்திருந்தார். அவர் மீது வழக்குப் போட என் மனம் இடந்தரவில்லை. ஏழரை இலட்சம் ரூபாவும் எட்டு மாதங்களும் அப்படியே போயின. இரவில் தூக்கம் வராமல் கல்லடிப் பாலத்தில் நின்ற நாள்கள் உண்டு.

ஆகவே யாராவது காணி தருகிறேன் என்று சொன்னால், நன்றி சொல்வதற்கு முன்பே "உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள காணியா, அனுமதிப்பத்திரக் காணியா?" என்று கேளுங்கள். உறுதி என்றால் அதன் பிரதியை உங்களுக்கு வேண்டிய நொத்தாரிசு ஒருவரிடம் காட்டி, காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு நீங்களே போங்கள். வேறு யாரும் போய் விசாரித்து வந்ததை நம்ப வேண்டாம். இதற்கு ஆகும் செலவு சில ஆயிரங்களே. அதோடு, நிலத்தை மார்கழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அடுத்த மாரியில் என் அத்திவாரத்துக்கு மேல் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வாவியை அண்டிய தாழ்நிலங்களில் மாரிகாலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்து மலசலகூடக் குழிகள் நிரம்பிவிடும். இருபது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது எத்தனை நோய்களைக் கொண்டுவரும் என்பதை எண்ணிப் பாருங்கள். கட்டடம் எழும்பாமலே போனதை இன்று நான் நன்மையாகவே கருதுகிறேன்.

2012 இல் செங்கலடிப் பக்கத்தில் மாதம் 22,000 ரூபாவுக்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். வீடு தயாராக இருந்தால் பதிவு விரைவாகக் கிடைக்கும் என்று எண்ணினேன். பதிவு கிடைக்க 14 மாதங்கள் எடுத்தன. வெறும் வீட்டுக்குக் கொடுத்த வாடகை மட்டும் 3 இலட்சத்து 8 ஆயிரம் ரூபா. இரண்டு வேறு பதிவுகள் தேவை என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முதலாவது, அமைப்பைப் பதிவது. 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழும் அதைப் பதியலாம், 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் பதியலாம். இரண்டாவது, இல்லத்தைப் பதிவது. 1941 ஆம் ஆண்டிலிருந்தே அநாதை இல்லங்களுக்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அந்தப் பதிவுக்கு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். எங்களிடம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை, ஊழியர்களின் பொலிஸ் நற்சான்றிதழ், கட்டட வரைபடம், நிதி வரும் வழி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒன்று கிடைக்கும்போது மற்றொன்றின் காலம் முடிந்திருக்கும். இத்தனை காகிதம் எதற்கு என்று அன்று எரிச்சலடைந்தேன். பிள்ளைகளைப் பிறர் கையில் ஒப்படைக்கும் விடயத்தில் அவ்வளவும் வேண்டும் என்றுதான் இன்று சொல்வேன். ஆனால் வீட்டை வாடகைக்கு எடுக்குமுன் நன்னடத்தை உத்தியோகத்தரை ஒருமுறை சந்தித்திருந்தால் அந்த 3 இலட்சமும் மிஞ்சியிருக்கும். அதைவிடப் பெரிய பயனும் இருந்திருக்கும்: நான் செய்ய நினைத்த வேலையை இல்லம் இல்லாமலே செய்ய வழியுண்டா என்று அவரிடம் கேட்டிருக்கலாம்.

2013 இல் பதிவு கிடைத்து, அடுத்த ஆண்டுக்குள் 18 பிள்ளைகள் சேர்ந்தார்கள். அவர்களில் இருவரை நான் சேர்த்துக்கொண்ட விதம் இன்றும் என்னைச் சுடுகிறது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளோடு வாசலில் நின்றார். மறுநாள் குவைத்துக்குப் பயணம், வீட்டில் பார்க்க ஆளில்லை, கடன்காரர்கள் தொல்லை தாங்க முடியவில்லை என்று அழுதார். நான் நன்னடத்தை உத்தியோகத்தருக்கு அறிவிக்காமல் பிள்ளைகளை உள்ளே அழைத்தேன். ஆறு மாதங்கள் கழித்துத் தகப்பன் பொலிஸாரோடு வந்தார். அவருக்கு எதுவும் சொல்லப்படவில்லை. நீதவான் நீதிமன்றத்தில் நான் தலைகுனிந்து நின்றேன். ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைப்பதென்றால் அதற்குச் சட்டப்படியான முடிவு வேண்டும், அதை எடுக்கும் அதிகாரம் இல்லப் பொறுப்பாளருக்கு இல்லை என்று அங்கே எனக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டது. பிள்ளைகள் தகப்பனின் தாயாரிடம் போனார்கள். பின்னர் போய்ப் பார்த்தபோது நன்றாகவே இருந்தார்கள். வாசலில் எவ்வளவு கண்ணீரோடு ஒருவர் வந்து நின்றாலும், அவரை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, அந்த நிமிடமே நன்னடத்தை உத்தியோகத்தரையோ பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ அழையுங்கள். நேரம் கடந்திருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருக்கிறது.

பிள்ளை சேர்ந்த முதல் வாரத்திலேயே பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் 18 பேரில் 7 பேரிடம் அது இருக்கவில்லை. சிலருடையது இடப்பெயர்வில் தொலைந்திருந்தது. அவர்களுக்குப் பிரதி எடுப்பது எளிது. மூவரின் பிறப்பே பதியப்படவில்லை. காலந்தாழ்த்திய பதிவுக்குப் பழைய கிளினிக் அட்டை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், உறவினரின் சத்தியக்கடதாசி என்று தேடி அலைய ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. அது இல்லாமல் அடையாள அட்டை எடுக்க முடியாது. அடையாள அட்டை இல்லாமல் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் பிள்ளை பதறிப்போய் நிற்கும்.

நன்கொடையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஊர்களில் பிறந்தநாளுக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் இல்லப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுப்பது வழக்கம். கொடுப்பவர்களின் மனம் நல்ல மனம்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரின் புரியாணியும் கேக்கும் வந்து குவிய, அதே கிழமையின் புதன் இரவில் பருப்பும் சோறும் மட்டுமே இருக்கும். மின்கட்டணம் இரண்டு மாதம் நிலுவையில் கிடக்கும். வந்தவர்கள் வெளிநாட்டு உறவுகளுக்கு அனுப்பப் படம் எடுப்பார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று தேவாரம் பாடி, கேக் வெட்டும் பிள்ளைக்குக் கைதட்டுவார்கள். நான்தான் அவர்களை வரிசையில் நிறுத்தினேன். ஒருநாள் ஒன்பதாம் தரத்தில் படித்த ஒரு பிள்ளையைக் காணவில்லை. தேடிப்போனால் கிணற்றுக்கட்டின் பின்னால் குந்தியிருந்தாள். "மாமா, வந்திருக்கிற பிள்ளையும் நானும் ஒரே வகுப்பு" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு என் மகளை அந்த வரிசையில் நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

மறுநாளே விதியை மாற்றினேன். பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது. சாப்பாடு தர விரும்புபவர்கள் சமையலறையில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். அன்றைய நாளைப் பிள்ளைகளோடு கழிக்க விரும்பினால் முன்கூட்டியே அறிவித்து, ஊழியர் ஒருவர் உடனிருக்க வர வேண்டும். பலர் கோபித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு நன்கொடை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த இழப்பைத் தாங்கத்தான் வேண்டும். தொடக்கத்திலிருந்தே அந்த விதியோடு தொடங்குபவருக்கு அது இழப்பாகவும் இராது. வருபவர்கள் அதற்குப் பழகிவிடுவார்கள். வாடகையையும் மின்கட்டணத்தையும் ஒரு மாதத்துக்கு ஏற்க முடியுமா என்று நேரடியாகக் கேளுங்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டேன்; கேட்டபோது பெரும்பாலானோர் சம்மதித்தார்கள்.

ஊழியர் மாறுவதும் பிள்ளைகளை வெகுவாகப் பாதிக்கும். மூன்று ஆண்டுகளில் எங்களுடைய விடுதிப் பொறுப்பாளர்கள் நால்வர் மாறினர். நாங்கள் கொடுத்த சம்பளத்துக்கு அதற்கு மேல் நிற்க அவர்களால் முடியவில்லை. இரண்டாமவர் போனபோது ஐந்து வயதுப் பிள்ளையொன்று மூன்று நாள் சாப்பிடவில்லை. எத்தனை அன்பான ஊழியரானாலும் அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, ஒருநாள் அங்கே போய்விடுவார்.

நன்கொடையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2015 இல் எருமைத் தயிர் உற்பத்தியைத் தொடங்கினேன். சமூக நோக்குள்ள தொழில் முயற்சி என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணம் நல்லது, நான் செய்த விதம்தான் தவறு. மனைவியின் சீதன வீட்டை ஈடு வைத்து வங்கியில் 12 இலட்சம் ரூபா கடன் எடுத்தேன். என் மாமியார் தம் மகளுக்குக் கொடுத்து, நாளை எங்கள் மகளுக்குப் போக வேண்டிய வீடு அது. மனைவி கையெழுத்திட்டார், மாமி அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. படுவான்கரைப் பட்டிக்காரரிடம் பால் எடுத்து, சட்டிகளில் உறைய வைத்து, மட்டக்களப்பு நகரிலும் கல்முனை வரையுள்ள கடைகளிலும் கொடுத்தோம். நல்ல மாதங்களில் செலவு போக 50,000 ரூபாவரை மிஞ்சியது. ஆதரவற்ற பிள்ளைகளுக்காக என்று சட்டியில் ஒட்டிய சிட்டையைப் பார்த்துப் பாடசாலையில் எங்கள் பிள்ளைகளைத் "தயிர்ப் பிள்ளைகள்" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். சிட்டையைக் கிழித்தெறிந்தோம். தயிர் தன் சுவைக்காகவே விற்கட்டும் என்று முடிவெடுத்தோம், விற்பனை குறையவுமில்லை.

2020 பங்குனியில் சித்திரைப் புத்தாண்டை எதிர்பார்த்து 1,200 சட்டிகள் வாங்கி, பட்டிக்காரருக்கு முற்பணமும் கொடுத்திருந்தேன். மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு போடப்பட்டது. கடைகளில் இருந்த தயிர் புளித்துப் போனது. உறைந்து கொண்டிருந்ததை அயலவருக்குக் கொடுத்தது போக மிகுதியைக் குழியில் ஊற்றினோம். கடைகளிலிருந்து வர வேண்டிய 3 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாவில் பாதிகூடத் திரும்பவில்லை. வங்கி தவணையைத் தள்ளிப்போட்டது, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. தொழிலின் கணக்கும் இல்லத்தின் கணக்கும் ஒரே வங்கிக் கணக்கில் இருந்தமையால், பட்டிக்காரருக்குக் காசோலை கொடுத்த நாளில் பிள்ளைகளின் அரிசிக்குப் பணம் இருக்கவில்லை. அன்று என் மனைவியின் சம்பளத்தில் அரிசி வாங்கினோம். நிமிர்ந்து மூச்சுவிடுமுன் 2022 வந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குத் தாவிய அந்தச் சில மாதங்களில் எரிவாயு வரிசையும் பால்மாத் தட்டுப்பாடும் எஞ்சியிருந்த தெம்பையும் கரைத்துவிட்டன. ஈட்டை மீட்க 2023 வரை ஆனது. தொழில் தொடங்குபவர் தொடங்கட்டும். ஆனால் இரண்டு கணக்குகளையும் முதல்நாளே பிரித்துவிடுங்கள், பிள்ளைகளின் மூன்று மாதச் செலவை யாரும் தொடாத வைப்பாக வைத்திருங்கள், குடும்பத்தின் வீட்டுறுதியை எக்காரணம் கொண்டும் வங்கிக்குக் கொண்டு போகாதீர்கள்.

இவற்றுக்கிடையில் 2017 இல் நடந்ததுதான் என் எண்ணத்தையே திருப்பியது. அந்த ஆண்டுக் கணக்காய்வில் ஒரு பிள்ளைக்கு மாதம் 14,500 ரூபா செலவாவதாக வந்தது; 18 பேருக்கு 2 இலட்சத்து 61 ஆயிரம். வாடகை, சம்பளம், மின்சாரம், சமையல் எல்லாம் அதில் அடக்கம். அதே கிழமையில் ஒன்பது வயதுப் பிள்ளையொன்றின் ஆவணத்தில் கையொப்பம் பெறுவதற்காக, குருமண்வெளியில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் போனேன். பிள்ளையின் தாய் இறந்துவிட்டார். தகப்பன் மறுமணம் செய்துவிட்டார். அம்மம்மா மட்டும் ஓலைக் குடிசையில் இருந்தார். பிள்ளையை ஏன் விட்டீர்கள் என்று அன்றுதான், சேர்த்து மூன்று ஆண்டுகள் கழித்து, முதன்முதலாகக் கேட்டேன். பாடசாலை தொலைவு, வழியில் யானைப் பயம், வீட்டில் மலசலகூடம் இல்லை, வாராவாரம் கட்ட வேண்டிய நுண்கடன் ஒன்று இருந்தது என்றார். பிறகு அவர் கேட்டார்: "அவளுக்கு மாசம் எவ்வளவு செலவாகுது மகன்?" தொகையைச் சொன்னேன். சற்று நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல பாதி இருந்தா நானே வச்சிருப்பனே" என்றார்.

திரும்பும்போது பாதையில் நின்றபடி மாமி 2011 இல் கேட்ட கேள்வியை நினைத்தேன். அந்த மாதத்திலேயே 18 பிள்ளைகளின் வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போனேன். தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர்கள் இரண்டே பேர். அவர்களுக்கும் கிரானில் ஒரு சின்னம்மா இருந்தார். மற்றவர்கள் எல்லோருக்கும் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். பெரும்பாலான வீடுகளில் கதை ஒன்றுதான்: கடன், மத்திய கிழக்குப் பயணம், மறுமணம், கசிப்பு என்னும் கள்ளச்சாராயம், பாடசாலைத் தொலைவு. எங்கள் இல்லத்தில் மட்டும் இப்படியில்லை. இலங்கையிலுள்ள இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இருக்கிறார் என்பது இத்துறையில் இருப்பவர்கள் அறிந்ததே. வறுமையை மட்டுமே காரணமாகக் கொண்டு ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை 2009 இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் சொல்கின்றன. நான் அந்த வாசகத்தைப் படித்தது 2017 இல். அதற்குள் சில பிள்ளைகளின் நான்கு ஆண்டுகளை வாங்கிக்கொண்டிருந்தேன். பணத்தைப் போல அதைத் திருப்பிச் செலுத்த வழியில்லை.

வீட்டுக்கு அனுப்புவதும் எளிதன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் நன்னடத்தை உத்தியோகத்தரின் மதிப்பீடும் உரிய கட்டளையும் வேண்டும். மண்டூர்ப் பிள்ளைக்கு முதலில் மாதம் ஒரு வார இறுதி, பிறகு பாடசாலை விடுமுறை முழுவதும் என்று பழக்கி, அதற்கிடையில் மலசலகூடம் கட்டி, கூரைக்குத் தகரம் போட்டு, ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம். எல்லாமாக 1 இலட்சத்து 90 ஆயிரம் ரூபா. அதன்பின் மாதம் 6,000 ரூபா அம்மம்மாவின் வங்கிக் கணக்குக்குப் போனது. அவளை இல்லத்தில் ஓர் ஆண்டு வைத்திருப்பதற்கே 1 இலட்சத்து 74 ஆயிரம் ரூபா செலவாகியிருக்கும். ஆனால் அந்த வெற்றியில் நான் அவசரப்பட்டேன். 2019 இல் ஒரு பையனை ஆறே கிழமைகளில் தகப்பன் வீட்டுக்கு அனுப்பினோம். ஐந்து மாதங்கள் நான் போய்ப் பார்க்கவில்லை. தயிர் வேலையில் மூழ்கியிருந்தேன். அவன் வீட்டைவிட்டு ஓடி, வாழைச்சேனை பஸ் நிலையத்தில் இரண்டு இரவு படுத்திருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டான். என்னைக் கண்டதும் அவன் அழவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குத் தகப்பன் வீடு பொருந்தாது, தாயின் தமக்கை வீடு பொருந்தும் என்பதை அவனிடமே கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். இப்போது அங்கேதான் இருக்கிறான். அனுப்பிய பின் முதல் மூன்று மாதங்கள் கிழமைக்கு ஒருமுறையும், அதன்பின் இரண்டு ஆண்டுகள் மாதத்துக்கு ஒருமுறையும் போய்ப் பார்க்க ஓர் ஊழியரும் ஒரு மோட்டார் சைக்கிளும் இல்லையென்றால் ஒரு பிள்ளையையும் அனுப்பாதீர்கள். பார்வையிடப் போகிறவர் வளர்ந்தவர்களோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பக் கூடாது. பிள்ளையோடு தனியாகக் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும்.

வீட்டிலேயே துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. அவர்களுக்கு இல்லம் தேவை, அதை எவரும் மறுக்க வேண்டாம். எங்களிடம் இப்போது இருக்கும் நால்வரும் அத்தகையோரே. ஏறாவூருக்கு அருகில் சிறிய வீடொன்றில், ஆறு ஆண்டுகளாக மாறாத ஒரே பொறுப்பாளரோடு இருக்கிறார்கள். அவருக்கு இரு மடங்கு சம்பளம் கொடுக்கிறோம். மிகுதிப் பணம், பிள்ளைகளைத் தங்களோடு வைத்து வளர்க்கும் 31 வீடுகளுக்கு மாதாமாதம் போகிறது.

நான் கடைசியாகக் கற்றது 18 வயதைப் பற்றியது. இல்லத்தில் வளரும் பிள்ளை 18 ஆனதும் வெளியேற வேண்டும் என்பது எனக்குத் தொடக்கத்திலிருந்தே தெரியும். அந்த நாளுக்காக நான் எதையும் ஆயத்தம் செய்யவில்லை. கிணற்றுக்கட்டின் பின்னால் குந்தியிருந்த பிள்ளைதான் முதலில் வெளியேறினாள். ஒரு பையும் 5,000 ரூபாவும் கொடுத்து அனுப்பினோம். ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காய்ச்சல் வந்து விடுதியில் படுத்திருந்தபோது யாரை அழைப்பதென்று தெரியாமல் நான்கு நாள் இருந்திருக்கிறாள் என்பதைப் பிறகு அறிந்தேன். சமைக்கவும் வங்கியில் படிவம் நிரப்பவும் நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை; பெரிய அண்டாவில் சமைத்ததை வரிசையில் நின்று வாங்கியே அவள் வளர்ந்திருந்தாள். இப்போது 15 வயதிலிருந்து ஒவ்வொருவரும் கிழமைக்கு ஒருநாள் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கிச் சமைக்கிறார்கள், தங்கள் பெயரில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வெளியேறியவர்கள் திரும்பி வந்தால் தங்குவதற்கு அந்தச் சிறிய வீட்டில் ஓர் அறையை ஒதுக்கியிருக்கிறோம். சென்ற கிழமை அவள் குழந்தைப்பேற்றுக்காக அந்த அறைக்கு வந்திருக்கிறாள். எங்கள் வழக்கப்படி முதற் பிள்ளைக்குத் தாய்வீடுதானே. என் மாமியார் பத்திய அரிசியும் மஞ்சளும் மிளகும் கட்டிக்கொண்டு நேற்றுக் காலை பஸ் ஏறிப் போனார்.